வெண்டி இலைக்குக் கீழே சிலந்திச் சிற்றுண்ணி: நன்மை செய்யும் பூச்சிகளும் வேப்பெண்ணெயும் போதுமா?

செவ்வரத்தை (கிளிநொச்சி)

வணக்கம் உறவுகளே. அக்கராயன் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் வைத்திருக்கிறேன், வெண்டி, கத்தரி, பயற்றங்கொடி, கொஞ்சம் மிளகாய், வேலியோரம் மரவள்ளி, முற்றத்தில் இரண்டு பப்பாசியும் றோசாவும். மாரி முழுக்க ஒரு குறையும் இல்லை. மழை நின்று சோளகம் வீசத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை. முதலில் வெண்டி இலையின் மேற்பக்கத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் வந்தன, பிறகு இலையே வெளிறி மஞ்சளாகி ஓரம் கருகி விழுகிறது. திருப்பிப் பார்த்தால் நரம்போரத்தில் மெல்லிய வலை, அதற்குள் கண்ணுக்குச் சரியாகத் தட்டுப்படாத சின்னச் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றன. கத்தரிக்கும் பரவிவிட்டது.

கடையில் இலையைக் காட்டிக் கேட்டோம், ஒரு பூச்சிநாசினி தந்தார்கள். அதை அடித்த பிறகு கொஞ்ச நாள் அடங்கியது போல இருந்தது, பிறகு முன்னையதை விடக் கூடிவிட்டது. பிள்ளைகள் செடியிலிருந்தே வெண்டிக்காயைப் பிடுங்கிப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள், அதனால் இனி நஞ்சு அடிக்க எனக்கு விருப்பமில்லை.

வெளிநாட்டில் இந்தச் சிற்றுண்ணியைத் தின்னுகிற இன்னொரு சிற்றுண்ணியைப் போத்தலில் விற்கிறார்கள் என்று வாசித்தேன். அப்படி ஒன்று இங்கே எடுக்கலாமா? எடுக்க முடியாவிட்டால் வேப்பெண்ணெய், சவர்க்காரத் தண்ணீர் என்று எதை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை அடிப்பது? அதை அடித்தால் நல்ல பூச்சிகளும் சாகாதா? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.


ஓமந்தைக் கமம்

பிள்ளை, முதலில் அந்தக் கடை மருந்தை நிறுத்துங்கள். அது ஏன் கூடியது என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

சிற்றுண்ணி பூச்சி இனம் இல்லை. எட்டுக் கால், சிலந்தி வகை. பூச்சிக்கு என்று செய்த மருந்துகளில் பலது இதைச் சரியாகக் கொல்லாது, ஆனால் இதைத் தின்று கொண்டிருந்த பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, நல்ல சிற்றுண்ணி எல்லாவற்றையும் சுத்தமாக முடித்துவிடும். பிறகு தடுக்க ஆளில்லை, பெருகுகிறது. இமிடாகுளோபிரிட் மாதிரிச் சில மருந்து பட்ட பிறகு சிற்றுண்ணி இன்னும் கூட முட்டை போடுகிறது என்று ஆராய்ச்சியிலேயே கண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் தோட்டத்தில் நடந்தது புதினமான விசயம் இல்லை, வன்னி முழுக்க ஒவ்வொரு கோடையிலும் இதுதான் நடக்கிறது.

அடுத்தது, எந்தப் பக்கத்துச் செடியில் கூட இருக்கிறது என்று நடந்து பாருங்கள். பெரும்பாலும் கிரவல் றோட்டுப் பக்கமாகத்தான் இருக்கும். உழவு மெசினும் டிப்பரும் போகப் போகச் செம்புழுதி இலையில் படியும், அந்தப் புழுதி இரைபிடிக்கிற பூச்சிகளுக்குப் பெரிய இடைஞ்சல், சிற்றுண்ணிக்கோ கொண்டாட்டம். தண்ணீர் காணாமல் வாடுகிற செடியிலும் அப்படித்தான். யூரியாவைக் கூடப் போட்டு இலை தளதளவென்று நிற்கிற செடியில் இன்னும் மோசம், ஏனென்றால் சாறு நல்ல சத்தாக இருக்கும். எங்கள் ஆட்கள் பலர் செய்கிற இன்னொன்று, இலைக்குச் சாம்பல் தூவுவது. அழுக்கணவனுக்கு (அசுவினிக்கு) அது சரி என்று சொல்வார்கள், ஆனால் இந்தப் பிரச்சினைக்குச் சாம்பலும் ஒரு புழுதிதான். தூவாதீர்கள்.

செலவில்லாத மருந்து தண்ணீர். ஹோஸ் நுனியை விரலால் அமத்திப் பிடித்து, கீழே இருந்து மேல்நோக்கி, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாக அடியுங்கள். விடியக் காலமை அடித்தால் வெயிலுக்கு முன் இலை காய்ந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு கிழமைக்குச் செய்ய வேண்டும். வலை அறும், புழுதி போகும், விழுந்த சிற்றுண்ணியில் பலது திரும்ப ஏறாது. இதைச் சும்மா கழுவுகிற வேலை என்று நினைக்காதீர்கள், நான் எந்தத் தெளிப்பையும் விட இதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆகக் கெட்ட அடி இலைகளை ஒடித்து அந்த இடத்திலேயே உரப்பைக்குள் போட்டுக் கட்டி வெயிலில் வையுங்கள். தோட்டத்துக்குக் குறுக்காக இழுத்துக் கொண்டு போகவோ பசளைக் குழிக்குள் எறியவோ வேண்டாம். சிற்றுண்ணி பிடித்த பாத்தியில் வேலையைக் கடைசியாகச் செய்யுங்கள், உடுப்பில் ஒட்டி மற்றப் பாத்திக்குப் போகும்.


ஆமணக்கு (அறிவியல் நகர்)

ஐயா சொன்னதோடு முழுதாக ஒத்துப் போகிறேன். அக்கா கேட்ட இயற்கை எதிரிகளைப் பற்றி நான் சொல்கிறேன், படிக்கிற பாடம் இதுதான்.

போத்தலில் விற்கிறதாக நீங்கள் வாசித்தது பைற்றோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்ற சிற்றுண்ணியாக இருக்க வேண்டும். அதைத் தேடி அலைய வேண்டாம். அதே வேலையைச் செய்கிறவை உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றைச் சாகடிக்காமல் இருந்தால் போதும். எவை என்று அடையாளம் காணத் தெரிந்தால் கண்ட இடத்தில் மருந்து அடிக்க மனம் வராது.

ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் இலையைத் தட்டுங்கள். மெதுவாக ஊர்கிற புள்ளிகள் கெட்டவை. விரலால் தேய்த்தால் சிவப்பாகவோ பச்சையாகவோ கோடு விழும். அவற்றுக்கு நடுவில் நிற்காமல் ஓடித் திரிகிற, கொஞ்சம் மினுக்கமான, பேரிக்காய் வடிவத்து வெளிர் நிற ஆள் ஒன்று தெரிந்தால் அது நல்ல சிற்றுண்ணி. எங்கள் பிராந்தியத்துக்கே உரிய நியோசியூலஸ் லொங்கிஸ்பைனோசஸ் போன்றவை இந்த வகை. பூதக்கண்ணாடி இருந்தால் முட்டையிலும் பிரித்துப் பார்க்கலாம், கெட்டதன் முட்டை சின்ன உருண்டை, நல்லதன் முட்டை நீள்வட்டம், அளவிலும் பெரிது.

அடுத்தது ஸ்ரெதோரஸ் என்ற பொறிவண்டு. பொறிவண்டு என்றதும் சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்டதை நினைப்போம், இது அப்படி இல்லை. முழுக்கக் கறுப்பு, குண்டூசித் தலை அளவுதான், இலைக்கு அடியில் ஓடும். இதற்கு முக்கியமான சாப்பாடே சிலந்திச் சிற்றுண்ணிதான், குஞ்சும் தின்னும் வண்டும் தின்னும். சிற்றுண்ணி நன்றாகப் பெருகின இடத்தைத் தானே தேடி வரும். பலர் இதைக் கண்டு புதிதாக ஏதோ வண்டு பிடித்துவிட்டது என்று மருந்தடித்து விடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பனிப்பூச்சியிலும் (இலைப்பேன்) ஒரு நல்ல இனம் உண்டு, இறக்கையில் ஆறு கறுப்புப் புள்ளி இருக்கும், அதுவும் சிற்றுண்ணியைத்தான் தின்னும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சு கிடைக்கிற எதையும் தின்னும்.

இவற்றைப் பிடித்து வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது. வேலியோரத்தில் ஆமணக்கு தானாக முளைத்திருந்தால் வெட்டாதீர்கள். நல்ல சிற்றுண்ணிகளில் பல இனம் மகரந்தத்தையும் தின்று பிழைக்கும், ஆய்வுகூடங்களில் அவற்றை வளர்க்க ஆமணக்கு மகரந்தத்தைப் பாவிப்பார்கள். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் சோளம், கௌபி, பூக்க விட்ட கொத்தமல்லி எல்லாம் உதவும். மருந்து அடிக்காத மரவள்ளியில் அந்தக் கறுப்பு வண்டைக் கண்டால், அந்த இலையைக் காம்போடு ஒடித்து, வெண்டியில் சிற்றுண்ணி உள்ள இலைக்கு மேல் வைத்து விடலாம். இலை வாட வாட வண்டும் குஞ்சும் பச்சை இலைக்கு இறங்கும்.

இன்னொன்று. இவை தின்று முடிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும், அந்தப் பொறுமை வேண்டும். 30 பாகை வெப்பத்தில் சிலந்திச் சிற்றுண்ணி முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டை போட ஒரு கிழமை அளவு போதும், ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறுக்கு மேல் முட்டை போடும். எங்கள் கோடைக்கு அது அசுர வேகம். ஆகவே நல்ல பூச்சிகள் தலையெடுக்கும் மட்டும் தண்ணீராலும் மென்மையான தெளிப்பாலும் கெட்டதைக் குறைத்து வைத்திருப்பதுதான் நாங்கள் செய்ய வேண்டிய வேலை.


பனிநாட்டுத் தோட்டம் (கனடா)

அக்கா, நான் மாங்குளத்தில் பிறந்தவன், இப்போது இங்கே மரக்கறிக் கண்ணாடி வீடு ஒன்றில் வேலை. அந்தப் பைற்றோசியூலஸைக் கையால் தூவுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளரிக்கு மிக நல்ல வேலை செய்யும், ஒரு நாளைக்கு 20 முட்டை வரை தின்னும், அல்லது வளர்ந்ததில் ஐந்து அளவு. போத்தலுக்குள் வெர்மிக்குலைற் என்ற இலேசான கனிமத் துகளோடு கலந்து வரும், இலை மேல் கொட்டி விடுவோம். 1958இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஓர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்ததைக் கண்டுபிடித்துத்தான் பிறகு உலகம் முழுக்கப் பரப்பினார்கள். ஆனால் அது குளிர்ச்சியும் ஈரமும் கேட்கிற உயிர். காற்றில் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே போனால் முட்டை சுருங்கிப் போகும், 30 பாகைக்கு மேல் வெப்பம் நீடித்தால் சோர்ந்து விடும். சோளகம் அடிக்கிற வன்னிக் கோடையில் திறந்த வெளித் தோட்டத்தில் அதை விட்டால் காசும் போய் அதுவும் போகும். கெட்டதைத் தின்று முடித்தால் வேறு சாப்பாடு இல்லாமல் தானும் செத்துவிடும், அதனால் இங்கே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். வெளிநாட்டு உயிரினம் ஒன்றை அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டு வருவதும் சட்டப்படி பிழை, யாராவது பொதியில் அனுப்புகிறேன் என்றாலும் ஏற்க வேண்டாம்.

இலங்கையில் இந்த வழி புதிது என்றும் இல்லை. 1997இல் கற்பிட்டிப் பக்கம் தென்னைச் சிற்றுண்ணி வந்த பிறகு, லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் நியோசியூலஸ் பறாக்கி என்ற உள்ளூர் இரைபிடிச் சிற்றுண்ணியைப் பெருமளவில் வளர்த்துத் தென்னை மரங்களில் விட்டது. அது தேங்காயின் காம்படித் தொப்பிக்குள் இருக்கிற சிற்றுண்ணிக்கான ஆள், உங்கள் வெண்டிக்கு உதவாது. உள்ளூரிலேயே இருக்கிற உயிரை வைத்துச் செய்ய முடியும் என்பதற்காகச் சொன்னேன்.


செவ்வரத்தை

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னது சரி, றோட்டுப் பக்கத்து இரண்டு பாத்தியும்தான் ஆக மோசம். தம்பி சொன்னபடி தாளில் தட்டிப் பார்த்தேன், வெண்டியில் மெதுவாக ஊர்கிறவை மட்டும்தான். ஆனால் மரவள்ளி இலைக்கு அடியில் சின்னக் கறுப்பு வண்டுகள் இருக்கின்றன, சாம்பல் நிறத்தில் புழு மாதிரியும் ஒன்று வலைக்குள்ளே ஊர்கிறது. அதுதானா?

வேப்பெண்ணெய் கலக்கிற அளவை யாரும் இன்னும் சொல்லவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளையாகத் திரைந்து மிதக்கும். அதை அப்படியே அடிக்கலாமா? மிளகாயின் குருத்து இலையும் கீழ்நோக்கிச் சுருண்டு போகிறது, ஆனால் அதில் வலை ஒன்றும் இல்லை. இதுவும் அதே சிற்றுண்ணிதானா?


முத்தையன்கட்டு மாமி

பிள்ளை, வேப்பெண்ணெய் நான் வருசக்கணக்காகப் பாவிக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன்.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 மில்லிலீற்றர். அதற்கு மேல் வேண்டாம், இலை கருகும். எண்ணெயை நேரே தண்ணீருக்குள் விட்டால் மேலே மிதக்கும், அடியில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் வருகிற எண்ணெய் ஒரு செடியை எரித்து விடும். முதலில் எண்ணெயையும் கரைத்த சவர்க்காரத்தையும் ஒரு கோப்பைக்குள் விட்டுப் பால் நிறம் வரும்வரை அடியுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள். சவர்க்காரம் சீவியது அரைத் தேக்கரண்டி போதும். உடுப்புத் தோய்க்கிற சலவைத்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம், இலை பொசுங்கும்.

தண்ணீர் திரைகிறது என்றால் அது சுண்ணாம்புத் தண்ணீர். அதில் சவர்க்காரம் வேலை செய்யாது, திரைந்தது தெளிகருவியின் வாயையும் அடைக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் தெளிப்புக்கு மட்டும் அதை எடுங்கள். இல்லையென்றால் குளத்துத் தண்ணீரைத் துணியால் வடித்துப் பாருங்கள், சவர்க்காரம் நுரைத்தால் அது சரி. கலக்கினதை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் கெதியாக அழிந்து போகும், தேனீயும் அந்த நேரம் போய்விடும். செடிக்கு முதலே தண்ணீர் விட்டிருக்க வேண்டும், வாடி நிற்கிற செடிக்கு எண்ணெய் அடிக்கக் கூடாது. இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததில் பயனே இல்லை, குனிந்துதான் அடிக்க வேண்டும். முட்டைகளில் பல தப்பும், அவை பொரிக்கும், அதனால் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை என்று மூன்று முறை விடாமல் அடியுங்கள். ஒரு முறை அடித்துவிட்டுச் சரிவரவில்லை என்று விடுகிறவர்கள்தான் கூட.

எண்ணெய் வாங்க வழி இல்லாவிட்டால் விதை போதும். எங்கள் வளவுகளில் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும் காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காய வையுங்கள். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த விதை உதவாது. தோலை நீக்கிய பருப்பை இடித்து, ஒரு லீற்றருக்கு 50 கிராம் என்று துணியில் கட்டி இரவு ஊறப் போட்டு, விடியப் பிழிந்து வடித்து வைத்துவிட்டு அன்று பின்னேரமே அடிக்க வேண்டும். அதற்கும் கொஞ்சம் சவர்க்காரம் விட்டால்தான் இலையில் ஒட்டும்.

உள்ளி, மிளகாய்க் கரைசல் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் எரிந்ததுதான் மிச்சம்.


ஆமணக்கு

அக்கா, மரவள்ளியில் கண்டது ஸ்ரெதோரஸ்தான் என்று நினைக்கிறேன், அந்தச் சாம்பல் நிறப் புழு அதன் குஞ்சாக இருக்கும். வலைக்குள் ஊர்கிறது என்றால் அது சாப்பிடப் போகிறது. அந்த மரவள்ளிக்கு வேப்பெண்ணெய் உட்பட எதையும் அடிக்காதீர்கள். சவர்க்காரமும் எண்ணெயும் ஈரமாகப் படும்போது நல்ல பூச்சியையும் கொல்லும், ஆனால் காய்ந்த பிறகு பெரிய பாதிப்பு இருக்காது. ஆகவே முழுத் தோட்டத்துக்கும் அடிக்காமல் சிற்றுண்ணி பிடித்த செடிக்கு மட்டும் அடியுங்கள். கடைசித் தெளிப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து மரவள்ளி இலைகளைக் கொண்டு வந்து வெண்டியில் வையுங்கள், அதற்கு முன் வைத்தால் வண்டு வீணாகும்.

பப்பாசிக்கு எண்ணெயும் சவர்க்காரமும் அவ்வளவு ஒத்துக்கொள்ளாது, குருத்து கருகும். அதற்குத் தண்ணீர் மட்டும் அடியுங்கள், கெட்ட இலையை வெட்டி விடுங்கள். றோசாவுக்கு ஒரு கொப்பில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடிக்கலாம்.

மிளகாய் வேறு கதை. இலை கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, வலையும் இல்லை என்றால் அது மஞ்சள் சிற்றுண்ணி, வேறு குடும்பம். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, குருத்துக்குள்தான் இருக்கும். இலை மேல்நோக்கிச் சுருண்டு தோணி மாதிரி வந்தால் பனிப்பூச்சி. இலைகள் சிறுத்து, கொத்தாக, செடியே குட்டையாக நின்றால் வெண் ஈ பரப்புகிற வைரசு, அதற்கு எந்தத் தெளிப்பும் இல்லை, பிடுங்கி அழிக்க வேண்டும். எது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பதுதான் எங்கள் மிளகாய்த் தோட்டங்களின் பெரிய துன்பம்.

மஞ்சள் சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத் தூள் நல்லாக வேலை செய்யும், லீற்றருக்கு 2 முதல் 3 கிராம், பைக்கற்றில் உள்ள அளவையும் பாருங்கள். ஆனால் வெப்பம் 32 பாகைக்கு மேல் போகிற நாட்களில் இலையை எரித்து விடும், எங்கள் கோடையில் அது தினமும் நடக்கிற விசயம். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு கிழமை போகும் வரை கந்தகம் அடிக்கவும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் செடி போய்விடும். பாகல், பீர்க்கு, பூசணிக் கொடிகளுக்கும் ஆகாது, நல்ல சிற்றுண்ணியையும் பாதிக்கும். இப்போதைக்கு மிளகாயின் சுருண்ட குருத்துகளைக் கிள்ளி உரப்பைக்குள் போட்டுவிட்டு, மாமி சொன்ன வேப்பம் விதைச் சாற்றைக் குருத்தில் படும்படி அடித்துப் பாருங்கள். அதோடு இரண்டு மூன்று சுருண்ட நுனியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டு போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். போக நேரமில்லை என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுத்துத் தமிழில் கேட்கலாம்.


செவ்வரத்தை

சரி தம்பி, நாளைக்கே மிளகாய் நுனியைக் கொண்டு போகிறேன். மரவள்ளியைத் தொட மாட்டேன். மாமி, ஒரு பரலில் மாரித் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைத் தெளிப்புக்கு என்று ஒதுக்கிவிட்டேன். ஐயா, றோட்டுப் பக்கத்து வெண்டி இனித் தேறுமா, அல்லது பிடுங்கிவிட்டுப் புதிதாக விதை போடவா?


ஓமந்தைக் கமம்

நுனியில் பச்சையாக இரண்டு மூன்று இலையும் பூவும் வருகிறது என்றால் வைத்துக் கொள்ளுங்கள், தண்ணீரும் வேப்பெண்ணெயும் போகப் போகப் புது இலை சுத்தமாக வரும். பழைய இலையில் விழுந்த புள்ளி மாறாது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம், புது இலையைத்தான் பார்க்க வேண்டும். நுனி வரை வலை மூடிய செடியை மினக்கெடாமல் பிடுங்குங்கள். பிடுங்க முன் நன்றாக நனைத்துவிட்டால் சிற்றுண்ணி நூலில் தொங்கிக் காற்றோடு பறந்து பக்கத்துப் பாத்திக்குப் போகாது.

புது விதையை அந்த இடத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். சோளகம் எந்தப் பக்கத்தால் வருகிறதோ அந்தப் பக்கத்தில், பழைய பாத்திக்கு மேல்காற்றில் போடுங்கள், இல்லாவிட்டால் காற்றே கொண்டு வந்து ஏற்றிவிடும். றோட்டோரத்தில் இரண்டு வரிசை நெருக்கமாகச் சோளம் போட்டால் புழுதி குறையும், தம்பி சொன்ன மகரந்தமும் கிடைக்கும். பயற்றங்கொடியின் அடி இலையை இன்றைக்கே திருப்பிப் பாருங்கள், வெண்டியிலிருந்து அடுத்ததாக அதற்குத்தான் போகும்.